அக்கா கேட்ட காம்பரா

என் அக்கா சொர்ணம்மா தனக்கென்று கடைசியாகக் காசு கொடுத்து வாங்கிய பொருள் எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சேலையெல்லாம் யாராவது கொடுத்தது. கச்சால் தீவில் இருந்த காலத்தில் செருப்பு அறுந்தால் ரப்பர் பாலைத் தடவி ஒட்டிப் போட்டுக்கொள்வாள். போர்ட் பிளேருக்கு வந்த பிறகு ரப்பர் பால் ஏது? செருப்பையே விட்டுவிட்டாள். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து, பாக்கு உரிக்க அய்யூப் பாயின் கிடங்குக்கு வெறுங்காலோடு நடந்தே போய் வந்தாள்.

"பஸ்ஸுல போயேன்கா" என்றால், "காலு என்னா, தேஞ்சா போயிரும்?" என்பாள்.

தேய்ந்துதான் போயிருந்தது. குதிகால் வெடிப்பில் ஒரு ரூபாய் நாணயத்தைச் சொருகி வைக்கலாம்.

அய்யூப் பாய் நல்ல மனிதர். ஒருமுறை பெருநாளுக்கு அக்காவுக்குப் புதுச் செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதை மருமகளுக்குக் கொடுத்துவிட்டு மறுநாளும் வெறுங்காலோடு போய் நின்றாள். "சொர்ணம்மா, ஒன்கிட்ட தோத்துட்டேன்மா" என்று அவர் கும்பிட்டாராம். இதை அக்காவே பெருமையாகச் சொன்னாள்.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்குப் பன்னிரண்டு. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு கப்பலேற்றி நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து வேலைக்கு இறக்கிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குத் தீவு எதுவானாலும் வேலை தோட்டம்தான்.

சிலோனில் லயத்து வீடு என்றால் ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை. அதைக் காம்பரா என்போம். எங்கள் காம்பராவில் ஒன்பது பேர். ஒருத்தர் திரும்பிப் படுத்தால் மற்ற எட்டுப் பேரும் திரும்ப வேண்டும். அந்தமானில் இந்திக்காரர்கள் அறையைக் கம்ரா என்று சொல்வதை முதலில் கேட்டபோது அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "நம்ம பேச்சு இவுங்களுக்கு எப்புடிடா தெரிஞ்சிச்சி?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எந்த அறையைப் பார்த்தாலும், ஆஸ்பத்திரி வார்டைப் பார்த்தாலும்கூட, அவளுக்கு அது காம்பராதான்.

காம்பராவில் பிறந்தாள். முகாமில் கொட்டகை. கப்பலில் நூற்றுக்கணக்கான பேர் படுக்கும் பங்க். கச்சாலில் அழகர்சாமி மச்சானைக் கட்டிக்கொண்டு போன வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார். அவர்களெல்லாம் ஒவ்வொருவராகக் கழிந்து, வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் என்று ஆனது 2004-இல்தான். மகன் சந்திரமோகன், முன்பே போர்ட் பிளேருக்கு வேலைக்கு வந்துவிட்ட என்னிடம் தங்கி ஐடிஐ படித்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் தீபாவளிக்குப் போனபோது, "வீடு ஹோன்னு கெடக்குடா" என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. மச்சான் திண்ணையில் உட்கார்ந்து பால் இல்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு, "ஒங்க அக்கா இப்பத்தான் என்கிட்ட பேச ஆரம்பிச்சிருக்கா. இத்தன வருசமா ஆளுங்களுக்கு நடுவுல ஜாடைதான்" என்றார்.

டிசம்பரில் கடல் ஏறியது. அக்கா மேட்டில் இருந்து பிழைத்தாள். மச்சான் போனார்.

உடம்பு கிடைக்கவில்லை. கச்சாலில் எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'மிஸ்ஸிங்' என்று இருந்தது. எங்கள் ஆட்கள் பேச்சிலும் அந்தச் சொல் வந்துவிட்டது. செத்துப்போனார் என்று யாரும் சொல்வதில்லை. "மிஸ்ஸிங் ஆயிட்டாரு" என்பார்கள். மிஸ்ஸிங் ஆனவருக்கு எப்படி ஒப்பாரி வைப்பது? நாளைக்கே ஏதாவது தீவில் இருந்து வந்து நின்றால்? இன்று நாளை என்று வைக்காமலே போய்விட்டது. இறப்புச் சான்றிதழ் வந்த அன்று அக்கா வரிசையில் நின்று கைநாட்டு வைத்தாள். அடுத்த வரிசையில் நின்று கொட்டகைக்குத் தகரம் வாங்கினாள். நான்தான் தகரத்தைத் தூக்கி வந்தேன். அழுகிறாளா என்று பக்கவாட்டில் பார்த்தேன். இல்லை. "ஒரு தகரம் நெளிஞ்சிருக்கு, மாத்திக் கேளுடா" என்றாள்.

போர்ட் பிளேரில் பள்ளிக்கூடத்து முகாம், பிறகு தகரக் கொட்டகை, பிறகு மகன் வேலைக்குப் போய் டெய்ரி ஃபார்மில் எடுத்த இரண்டு அறை வாடகை வீடு. மகன், மருமகள், பேத்திகள் இரண்டு பேர். அக்காவுக்குச் சமையல் மேடைக்குக் கீழே பாய்.

2010-இல் கூடலூரில் இருக்கும் எங்கள் சின்ன அக்கா மகளுக்குக் கல்யாணம். நானும் அக்காவும் போவதாக முடிவாயிற்று. நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மஜ்தூர், ஆகவே டிக்கெட் வேலை எல்லாம் என் தலையில். டிக்கெட் எடுக்கப் போகும் அன்று காலையில் அக்கா கிடங்குக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் பால்மாவு டின்.

"கதவு இருக்குற காம்பரா எடு தம்பி" என்றாள்.

"எது?"

"கப்பல்ல. உள்ளுக்கத் தாப்பா போடுற மாதிரி. அய்யூப் பாய் சம்சாரம் போனாங்களே, ரெண்டு கட்டிலு போட்டது."

"அக்கா, அது பெரிய ஆபீஸருங்க போறது. பங்க்கு டிக்கெட்ட போல எட்டு மடங்கு இருக்கும். தெரியுமா?"

"கேட்டுட்டுத்தான் வந்தேன். இதுல இருக்கு. ரெண்டு கட்டிலுக்கும் சேத்து எடு. வேற ஆளு வரக்கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. "ஒரு ஒடம்புக்கு ரெண்டு கட்டிலா? மகாராணி வலது பக்கம் பாதி, இடது பக்கம் பாதியா படுப்பீங்களோ? கண்ணு மங்குதுன்னு நாலு வருசமா சொல்ற, கண்ணாடி வாங்குனியா? செருப்பு வாங்குனியா?"

"அதெல்லாம் வேணாம். இது வேணும்."

"அவ்ளோ ஆசையா இருந்தா மெட்ராஸ்ல எறங்குனதும் லாட்ஜுல ஒரு ரூம் போட்டுத் தாறேன். கதவும் இருக்கும், தாப்பாளும் இருக்கும்."

"லாட்ஜுக்கு அடியில கடலா இருக்கும்?" என்றாள்.

வயசானால் சிலருக்கு இப்படி ஆகும் என்று நினைத்துக்கொண்டு டின்னை வாங்கிக்கொண்டேன். அதில் நாலு வருஷம் பாக்கு உரித்த காசு இருந்தது. மகனுக்கு வீட்டு அட்வான்ஸ் கொடுத்தது போக, பேத்திக்குத் தோடு வாங்கியது போக மிச்சம். சந்திரமோகனிடம் சொன்னேன். "அம்மாவா மாமா? எங்க அம்மாவா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

கவுண்டரில் இருந்தவர் ஒரு டிக்கெட்டில் ஒரு பெயர்தான் எழுதுவேன், ஒரே ஆளுக்கு இரண்டு கட்டில் கிடையாது என்றார். ஆகவே ஒன்று அக்கா பெயரில், ஒன்று என் பெயரில். பிறகு எனக்குப் பங்க்கில் ஒரு இடம் எடுக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. என் பெயரில் ஒரு கட்டில் இருக்கும்போது எதற்கு மூன்றாவது டிக்கெட்? நானே அதில் படுத்துக்கொண்டால் ஆயிற்று. அக்காவுக்கு ஒரு டிக்கெட் காசு லாபம். சந்தோஷப்படுவாள். நானும் அவள் தம்பிதானே, எங்கள் குடும்பத்துப் புத்தி வேறு எப்படிப் போகும்.

போர்ட் பிளேர் ஹேடோ துறையில் காலையில் கப்பல் ஏறினோம். காம்பராக் கதவைத் திறந்ததும் அக்கா வாசலிலேயே நின்றாள். பெரிய அறை ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் கட்டில், நடுவில் ஒருவர் நடக்க இடம், எதிரே வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சின்ன விளக்கு. அவள் முதலில் தொட்டுப் பார்த்தது தாழ்ப்பாளை. போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். நான் என் பையை இடது பக்கக் கட்டிலில் எறிந்தேன்.

"நீ கீழ போகலயா?" என்றாள்.

"என்னாத்துக்குப் போவணும்? இது என் பேருல இருக்குற கட்டிலு. கீழ எடுக்கல. ஒனக்கு லாபம் பண்ணியிருக்கேன், இந்தா மிச்சம்."

காசை வாங்கி எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். என் அக்கா காசை எண்ணாமல் முடிந்ததை அன்றுதான் பார்த்தேன். அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. படுத்தேன், தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது மதியம். கரை மறைந்துவிட்டது. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள். கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்க்காமலே மடியில் வைத்துக்கொண்டாள்.

"வா, சோத்துக்கு மணி அடிச்சாச்சி" என்று சொல்லி, வெளியே போகும்போது, எரிந்துகொண்டிருந்த விளக்குகளை அணைக்கச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினேன். பழக்கம்.

"அணைக்காத" என்றாள்.

கத்தவில்லை. ஆனால் அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை.

"கரண்ட்டு வீணாப் போவுதேக்கா."

"போவட்டும்."

எங்கள் குடும்பத்தில் யார் வாயிலும் வராத சொல் அது. திரும்ப சுவிட்சைப் போட்டேன். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"என்னாக்கா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, வேறு யாருடைய கதையோ போலச் சொன்னாள்.

"அன்னக்கி ஞாயித்துக்கெழம. ஸ்டவ்வுல சாயத்தண்ணி வச்சிருந்தேன். பூமி ஆட்டம் குடுத்துச்சி. எல்லாரும் ஓடுனோம், மேல ரப்பர் காட்டுப் பக்கம். அங்க நின்னு மூச்சு வாங்குறப்பத்தான் நெனப்பு வந்துச்சி, ஸ்டவ்வ அணைக்கலயேன்னு. மண்ணெண்ண அந்த வாரந்தான் வாங்குனது. அவரு, 'கெடக்குது வுடு, எவ்வளவுதான் எரிஞ்சிரும்'னாரு. நாந்தான், 'எரியிறது நம்ம காசு, போயி அணைச்சிட்டு வாங்க'ன்னேன்."

எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் உருட்டினாள்.

"'இவ ஒருத்தி'ன்னு சொல்லிட்டு கைலிய மடிச்சிக் கட்டிக்கிட்டு எறங்குனாரு. சிரிச்சிக்கிட்டுத்தான் போனாரு."

அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அது உலகத்துக்கே தெரியும்.

"மோகனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"யாருக்கும் தெரியாது. முகாமுல எல்லாரும் அழுவுறாங்க. நானும் சேந்து அழுதா, ஐயோ பாவம்னு கட்டிப் புடிச்சிக்குவாங்க. அது எனக்கு வேணாம்டா. நான் பாவம் இல்ல. தகரக் கொட்டகையில இருமுனா நாலு வீட்டுக்குக் கேக்கும். மோகன் வீட்டுல ராவுல பொரண்டு படுத்தாலே மருமவ, 'என்னா அத்த, ஒடம்பு முடியலயா?'ங்குறா. நல்ல புள்ள. ஆனா எனக்கு அவருகிட்ட பேசணும்டா தம்பி. கதவ சாத்திக்கிட்டு, அவரு இருக்குற எடத்துல வச்சிப் பேசணும். கரையில நின்னு பாத்துட்டேன், ஆளு வந்துருது. அதுக்குத்தான் சேத்தேன்."

"கச்சால் தெக்க கெடக்குதேக்கா. நாம போறது மெட்ராஸுக்கு" என்றேன். அந்த நேரத்தில் அப்படியா சொல்வது?

"தண்ணிக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றாள்.

இடது பக்கக் கட்டிலில் என் பை கிடந்தது. எடுத்தேன். நான் படுத்துக் கசக்கிய விரிப்பை இழுத்து விட்டேன். மூலைகளைச் செருகினேன். தலையணையைத் தட்டி வைத்தேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கிய கை, படுக்கை விரித்துப் பழக்கமில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

பங்க்கில் எனக்கு இடமில்லை. மேல்தட்டில் புகைபோக்கிக்குப் பக்கத்தில், காற்று அடிக்காத ஒரு மூலையில் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தேன். சாயங்காலம் கப்பல் ஆள் ஒருவன், பெங்காலிக்காரன், வந்து இந்தியில் அதட்டினான். டிக்கெட்டைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். நல்ல கேபின் டிக்கெட்டை வைத்துக்கொண்டு இங்கே ஏன் தரையில் கிடக்கிறாய், கட்டில் உடைந்துவிட்டதா என்று கேட்டான்.

"கட்டில்ல ஆள் இருக்கு" என்றேன் இந்தியில்.

"யாரு?"

"மேரா ஜீஜா."

அக்கா புருஷன் என்று அர்த்தம். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது. ஐந்து வருஷமாக நாங்கள் மிஸ்ஸிங் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆளை, இருக்கிறார் என்று நான் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். "அப்படியா, புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உனக்கு என்ன வேலை, இங்கேயே கிட" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். காற்று அதிகமாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் வேளாவேளைக்குச் சாயாவும் சாப்பாடும் கொண்டுபோய்க் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். கதவு ஒரு கை அளவு திறக்கும், வாங்கிக்கொள்வாள், மூடிக்கொள்ளும். விளக்கு எரிவது மட்டும் தெரியும். இரண்டாம் நாள் மத்தியானம் தட்டுவதற்கு முன் உள்ளே குரல் கேட்டு நின்றேன். ஒப்பாரி கேட்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டது பேச்சு. எஞ்சின் இரைச்சலில் ஒரு சொல்லும் புரியவில்லை. கொஞ்சம் பேச்சு, பிறகு நிறுத்தம், மறுபடி பேச்சு. எதிரில் இருப்பவர் பதில் சொல்ல விடுகிற நிறுத்தம் அது. திட்டுவது போலவும் இருந்தது, கெஞ்சுவது போலவும் இருந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. மரம் முறிவது மாதிரி. அது நிற்கவில்லை. நான் சோற்றுத் தட்டோடு நடைபாதையின் கடைசிக்குப் போய், யாரும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டு நின்றேன். சோறு ஆறிப் போயிற்று. அதை நான் சாப்பிட்டுவிட்டு அவளுக்கு வேறு வாங்கி வந்தேன்.

சென்னையில் கப்பல் நின்றபோது அக்கா தலை சீவி, பையைக் கட்டி, தயாராக நின்றாள். முகம் வீங்கிக் கிடந்தது. இரண்டு கட்டில் விரிப்பும் மடித்து வைத்திருந்தது. இரண்டுமே படுத்து எழுந்த விரிப்பு. வெளியே வரும்போது என் கை சுவிட்சுக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன். இரண்டு விளக்கும் எரிய எரிய விட்டுவிட்டு வந்தோம்.

கல்யாணத்தில் அக்கா பழைய அக்காவாகத்தான் இருந்தாள். மீந்த சாம்பாரைக் கொட்டவிடாமல் சமையல்காரனோடு சண்டை போட்டாள். கூடலூரிலும் வெறுங்கால்தான். திரும்பும்போது கவுண்டரில் நின்று, "காம்பரா வேணுமாக்கா? நான் போடுறேன் காசு" என்று கேட்டேன். மனதோடுதான் கேட்டேன்.

"சீ, ஒனக்குக் கூறு இருக்கா? பங்க்குலயே எடு. சொல்லவேண்டியத சொல்லியாச்சி" என்றாள்.

பங்க்கில் எங்களைச் சுற்றி இருநூறு பேர். சீட்டாட்டம், குழந்தை அழுகை, வாந்தி நாற்றம். அக்கா கீழ்ப் படுக்கை, நான் மேல். இரண்டாம் நாள் விடிந்ததும் பார்க்கிறேன், அவளைக் காணோம். தேடிக்கொண்டு மேல்தட்டுக்குப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெற்கே பார்த்து நின்றாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"பதில் சொன்னாரா?" என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் அத்தனை நாளும் இருந்தேன்.

"பாதி சொன்னாரு" என்றாள்.

பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து நின்று போட்டோ எடுத்தது. ஒருவன் அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னான். தள்ளி நின்றாள். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டா, அந்தக் காம்பரா வெல, வருசா வருசம் ஏத்துவாங்களோ?"